எட்டுக் குடும்பம், 20 ஏக்கர் மேட்டுநிலம்: எதைப் பொதுவில் வைப்பது, எதைத் தனியாக வைப்பது?

சாமைக்கொல்லை:
வணக்கம். மாரண்டஅள்ளிக்கும் ராயக்கோட்டைக்கும் இடைப்பட்ட பகுதியில் எட்டுக் குடும்பங்கள் சேர்ந்து நிலம் வாங்கி, அங்கேயே வீடு கட்டி, விவசாயத்தையும் சேர்ந்தே செய்வதாகத் திட்டம். உழைக்கக்கூடிய பெரியவர்கள் 16 பேர், பிள்ளைகளும் முதியவர்களும் சேர்த்தால் 30. பார்த்திருக்கும் நிலம் 20 ஏக்கர் செம்மண் சரிவு. ஒரு பழைய கிணறு, ஒரு போர், மேல் பக்கம் கரடு. இதுவரை மானாவாரியாக ராகி, கொள்ளு மட்டும் விளைந்த இடம். பத்திரம் யார் பெயரில் இருக்க வேண்டும், வேலைக்கு எப்படிக் கணக்கு வைப்பது, சமையல் ஒன்றாகவா தனித்தனியாகவா? "மனசு ஒத்துப்போனால் எல்லாம் நடக்கும்" வகைப் பதில்கள் ஏற்கெனவே நிறையக் கிடைத்துவிட்டன. அளவும் கணக்கும் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

ஏ‑பதிவேடு:
முதலில் காகிதம். முன்பணம் கொடுப்பதற்கு முன் 30 வருட வில்லங்கம், பட்டா, அடங்கல், புலப்பட நகல், இவற்றோடு கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் 'அ' பதிவேடு, ஒவ்வொரு சர்வே எண்ணும் எந்த வகை நிலம் என்று அதில்தான் தெரியும். பலரும் கடைசியானதை விட்டுவிடுகிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிபந்தனைப் பட்டா நிலமும் (அரசு கட்டுப்பாட்டோடு கொடுத்தது) பஞ்சமி நிலமும் (பட்டியல் சாதியினருக்கென ஒதுக்கியது) உண்டு. பஞ்சமி நிலத்தைப் பட்டியல் சாதியினர் அல்லாதவர் வாங்க முடியாது. நடுவில் நாலு கை மாறியிருந்தாலும் அது செல்லாததுதான். பத்திரப் பதிவு நடந்துவிட்டது என்பதை வைத்து நிம்மதியாக இருக்க வேண்டாம்.

அடுத்தது யார் பெயரில் என்பது. மூன்று வழி சொல்வார்கள்.

அறக்கட்டளை அல்லது சங்கத்தின் பெயரில் மொத்த நிலம். சங்கம் பதிய ஏழு பேர் போதும், 1975ஆம் வருடச் சட்டம். கேட்க அழகாக இருக்கும். ஆனால் நிறுவனத்தின் பெயரில் நிலம் போனதும் சிறு குறு விவசாயி சான்று கிடைக்காது. அந்தச் சான்று இருந்தால் சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம், மற்ற விவசாயிக்கு 75. பிஎம் கிசான் பணமும் நிறுவன நிலத்துக்கு வராது. இவற்றைவிடப் பெரிய சிக்கல், ஒரு குடும்பம் விலகினால் அதன் பணத்தை எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது?

இரண்டாவது, எட்டுப் பேர் பெயரில் பிரிபடாத பாகமாகக் கூட்டுப் பட்டா. இது மூன்றிலும் மோசம். ஒருவர் இறந்தால் வாரிசு நாலு பேர் உள்ளே வருவார்கள். பயிர்க்கடன், மானியம், இழப்பீடு என்று எதற்குப் போனாலும் மற்ற ஏழு பேர் கையெழுத்து. கடைசியில் பாகப்பிரிவினை வழக்கு.

மூன்றாவது, அளந்து கல் நட்டு, ஆளுக்கு இரண்டரை ஏக்கர் தனிப் பத்திரம், தனி உட்பிரிவு, தனிப் பட்டா. பாதை, கிணறு, போர், களம், மாட்டுக்கொட்டகை இருக்கும் இடத்தில் மட்டும் எட்டில் ஒரு பாகம் என்று ஒவ்வொரு பத்திரத்திலும் எழுதுவது. நம்மூர்ப் பத்திரங்களில் 'பொதுக் கிணற்றில் எட்டில் ஒரு பாகமும், மின் மோட்டாரில் எட்டில் ஒரு பாகமும், வண்டிப்பாதை நடைபாதை உரிமையும்' என்று எழுதுவது காலங்காலமாக இருப்பதுதான். இதற்கு மேல் தனி ஒப்பந்தம் ஒன்று: விற்பதானால் முதலில் மற்ற ஏழு குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும், விலையை எப்படி முடிவு செய்வது, எத்தனை தவணையில் கொடுப்பது. இதை வாங்கும் நாளிலேயே எழுதிவிடுங்கள். மனக்கசப்பு வந்த பிறகு யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

என் ஓட்டு மூன்றாவதற்கு.

தளி மேடு:
ஏ‑பதிவேடு அண்ணா சொன்ன சட்டம் சரி, ஆனால் கடைசி வரியில் எனக்கு உடன்பாடில்லை. ஆளுக்கு இரண்டரை ஏக்கர் என்று கல் நட்ட அன்றைக்கே கூட்டுப் பண்ணை முடிந்தது. மேல் சரிவில் இருப்பவனுக்கு மண் அரிக்கும், கீழே இருப்பவனுக்கு வண்டல் சேரும். கிணற்றோரம் இருப்பவன் தக்காளி போடுவான், கரட்டோரம் இருப்பவன் கொள்ளு போடுவான். மூன்று வருடத்தில் அது சாதாரண ஊர்தான்.

இஸ்ரேலின் கூட்டுக் குடியிருப்புகளான கிப்புட்ஸ்களைப் பாருங்கள். முதல் குடியிருப்பான தெகானியா 1910இல் தொடங்கியது. நிலம் யாருக்கும் சொந்தமில்லை, சம்பளம் கிடையாது, சாப்பாட்டுக்கூடம் ஒன்று. சொட்டுநீரைத் தொழிலாக்கிய நெட்டாஃபிம் 1965இல் ஹட்செரிம் என்ற கிப்புட்ஸில்தான் ஆரம்பமானது. தளியில் இருக்கும் இந்திய–இஸ்ரேல் கொய்மலர் மையத்தில் தொழில்நுட்பத்தைப் பார்த்துவிட்டு வருகிறோம். அதற்குப் பின்னால் இருந்த அமைப்பை யாரும் பார்ப்பதில்லை.

ஏ‑பதிவேடு:
அதே தெகானியா 2007இல் சமச் சம்பளத்தைக் கைவிட்டு, அவரவர் வருமானம் அவரவருக்கு என்று மாறியதையும் சேர்த்து எழுதுங்கள் தம்பி. எண்பதுகளில் வட்டி ஏறியபோது பல கிப்புட்ஸ்கள் கடனில் மூழ்கின. அங்கே நிலம் பெரும்பாலும் அரசுடையது, நீண்ட காலக் குத்தகையில் வருவது. காசு போட்டு நிலம் வாங்கும் எட்டுக் குடும்பத்தோடு அதை எப்படி ஒப்பிடுவது?

மேல் சரிவு, கீழ் சரிவு பற்றிச் சொன்னது நியாயம். அதற்குச் சரிவுக்குக் குறுக்கே பட்டை பட்டையாக வெட்டாமல், சரிவின் போக்கில் மேலிருந்து கீழாக நீளமாகப் பிரித்தால் எல்லோருக்கும் கொஞ்சம் மேடு, கொஞ்சம் பள்ளம் வரும். அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது செய்வதுதான்.

பழைய மோட்டார்:
நீள வாக்கில் பிரித்தால் வரப்பும் சரிவோடு போகும், தண்ணீர் வரப்பை ஒட்டி வாய்க்கால் அறுத்துக்கொண்டு ஓடும். பத்திரத்தில் கோடு எப்படியும் போகட்டும். மண்வரப்பு குறுக்கேதான் போட வேண்டும், எட்டுப் பாகத்தையும் வெட்டிக்கொண்டு, சமமட்டக் கோட்டில். இதற்குச் சம்மதம் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி வேண்டும்.

பட்டா பேச்சுக்கு முன் தண்ணீரை அளந்தீர்களா? போருக்கு எத்தனை அங்குலத் தண்ணீர் என்று விற்பவர் சொல்வதை விடுங்கள். சித்திரை, வைகாசியில் போய் மோட்டாரைத் தொடர்ந்து நாலு மணி நேரம் ஓடவிட்டு, அதன் பிறகு 200 லிட்டர் டிரம் நிரம்ப எவ்வளவு நேரம் என்று பாருங்கள். முதல் அரை மணித் தண்ணீர் குழாயில் நின்றது, அதை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாறுவீர்கள். இரண்டு நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு 6,000 லிட்டர். மும்முனை மின்சாரம் ஆறு மணி நேரம் என்று வைத்தால் 36,000.

இப்போது செலவு. ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்பது 4,047 லிட்டர். கோடையில் காய்கறிக்கு நாளொன்றுக்கு நாலு மில்லிமீட்டராவது வேண்டும், அதாவது ஏக்கருக்கு 16,000 லிட்டர். 30 பேர் புழக்கத்துக்கு 3,000, பத்து மாட்டுக்கு 700. மிச்சத்தில் இரண்டு ஏக்கர் பாயும், அவ்வளவுதான். 20 ஏக்கரில் 18 மானாவாரி என்று மனதில் எழுதிக்கொண்டு பயிர்த்திட்டம் போடுங்கள். "இன்னொரு போர் போட்டுக்கலாம்" என்பது இந்தப் பாறைப் பூமியில் திட்டம் அல்ல, சூதாட்டம். பக்கத்தில் போட்டால் இருக்கும் போரின் தண்ணீரையே அது இழுக்கும்.

அதனால் பண்ணைக்குட்டை. 100 அடிக்கு 100 அடி, 5 அடி ஆழம் என்றால் சுவர் நெட்டாக இருப்பதாக வைத்து 14 லட்சம் லிட்டர். செம்மண்ணில் சுவர் நெட்டாக நிற்காது, ஒன்றுக்கு ஒன்றரை சாய்வு கொடுக்க வேண்டும், கொள்ளளவு அதற்கேற்பக் குறையும். 20 ஏக்கரில் ஒரே மூச்சாக 30 மில்லிமீட்டர் பெய்து அதில் ஐந்தில் ஒரு பங்கு ஓடி வந்தாலும் நாலே முக்கால் லட்சம் லிட்டர் சேரும். மூன்று நல்ல மழையில் நிரம்பிவிடும். நுழைவாயிலில் வண்டல் குழி இல்லாவிட்டால் இரண்டாம் வருடமே குட்டை மேடாகும். அடியில் பிளாஸ்டிக் தாள் விரிக்காமல் விட்டால் கீழே இருக்கும் கிணற்றுக்கு ஊறும், அதுவும் நல்லதே. மார்கழி வரை நிற்க வேண்டும் என்றால் 500 மைக்ரான் தாள்.

பொன்னி நாத்து:
குடிதண்ணீரை மறந்துவிட்டீர்கள் எல்லோரும். தர்மபுரி பக்கத்துப் போர் தண்ணீரில் ஃபுளோரைடு. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாதபோது 1.5 வரை. கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் வற்றி இன்னும் கூடும். பிள்ளைகள் இருக்கும் இடம், நிலம் வாங்குவதற்கு முன் குடிநீர் வாரிய ஆய்வகத்தில் சோதித்துவிடுங்கள்.

அதிகமாக இருந்தால் கூரைத் தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்குப் பத்து லிட்டர் என்றால் 30 பேருக்கு நாள் ஒன்றுக்கு 300. தை முதல் சித்திரை வரை மழை இல்லாத 120 நாளுக்கு 36,000 லிட்டர். நம் பக்கம் வருடத்துக்கு 850 மில்லிமீட்டர் அளவில் பெய்கிறது. 100 சதுர மீட்டர் கூரையில் வீணாவது போக 68,000 லிட்டர் கிடைக்கும். நாலரை மீட்டர் விட்டம், இரண்டரை மீட்டர் உயரத்தில் கம்பிவலை சிமெண்ட் தொட்டி கட்டினால் கிட்டத்தட்ட 40,000 பிடிக்கும். முதல் மழையை வெளியே விட ஒரு திருப்பு, கொசு போகாத வலை, வெளிச்சம் புகாத மூடி. வெளிச்சம் போனால் பாசி பிடிக்கும். சமையல் தண்ணீரையும் இதில்தான் எடுக்க வேண்டும். குடிக்க மட்டும் நல்ல தண்ணீர், களிக்குப் போர் தண்ணீர் என்றால் பாதி ஃபுளோரைடு களி வழியாக உள்ளே போய்விடும்.

சாமைக்கொல்லை:
மிக்க நன்றி. ஃபுளோரைடு எங்கள் பட்டியலிலேயே இல்லை. வேலைக் கணக்கு பற்றி யாராவது?

கொட்டகை வாசல்:
வயல் வேலையை எல்லோரும் எண்ணுவார்கள், வீட்டு வேலையை எண்ண மாட்டார்கள். கூட்டுக் குடியிருப்புகள் உடைவது பெரும்பாலும் இங்கேதான்.

வாரக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாடு கறக்க, சாணி வார, தீனி போட இரண்டு பேர் தினம் மூன்று மணி நேரம், 42. பொதுச் சமையல் இரண்டு பேர் தினம் ஐந்து மணி நேரம், 70. சின்னப் பிள்ளைகளைப் பார்க்க 20. மோட்டார், தொட்டி, சொட்டுநீர் வடிகட்டி கழுவ 7. சந்தை, கணக்கு, அலுவலக அலைச்சல் 16. ரிப்பேர் 12. மொத்தம் 167 மணி. 16 பேருக்குப் பிரித்தால் வயலில் கால் வைப்பதற்கு முன்பே ஆளுக்கு வாரம் பத்தரை மணி நேரம் போய்விட்டது. இந்த 167 மணியும் பெண்கள் தலையில் விழுந்து, ஆண்கள் "நாங்க வயலப் பாத்துக்கறோம்" என்று நின்றால் அது கூட்டுப் பண்ணை இல்லை, பெரிய கூட்டுக் குடும்பம். மருமகள்கள் முதலில் வெளியேறுவார்கள்.

அமெரிக்காவில் 1967இல் தொடங்கிய ட்வின் ஓக்ஸ் என்ற குடியிருப்பில் சமையல், பிள்ளை வளர்ப்பு, பால் கறப்பு, கணக்கு எழுதுவது எல்லாவற்றுக்கும் ஒரு மணி என்றால் ஒரு மணிதான். ஏர் ஓட்டினாலும் பாத்திரம் துலக்கினாலும் ஒரே மதிப்பு. இந்த ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எழுதுவதற்கு ஒரே நோட்டு, களத்துச் சுவரில். தினம் சாயங்காலம் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாரம் முழுவதையும் நினைத்து எழுதினால் எல்லோர் கணக்கும் பத்து மணி ஏறும்.

யாரும் செய்ய விரும்பாத வேலைக்குக் கூடுதல் மணி தராதீர்கள், சுழற்சியில் விடுங்கள். கூடுதல் கொடுத்தால் கடன்பட்ட குடும்பமே எப்போதும் சாணி அள்ளும். வேலை பிரிக்கிறவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற வேண்டும். கணக்கு எழுதுகிறவரும் வேலை பிரிக்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

தளி மேடு:
கொட்டகை வாசல் அக்கா சொல்வதுதான் நானும் சொல்ல வந்தது. இப்படி மணிக்கணக்கு வைத்தால் நிலம் பொதுவாக இருந்தால்தான் பொருந்தும். தன் இரண்டரை ஏக்கரில் தக்காளிக் காய் பழுத்துக் கிடக்கும்போது எவன் பொதுக் கொட்டகைக்கு வருவான்?

கொட்டகை வாசல்:
வருவான், மாட்டுச் சாணி பங்கு அங்கேதான் வருகிறது என்றால். பொதுவில் இருக்கும் சொத்து பலன் தருகிறதா என்பதுதான் பிடிமானம், பத்திரம் இல்லை. ஆனால் தக்காளி பற்றிச் சொன்னது சரி. பாலக்கோடு, ராயக்கோட்டை மண்டியில் விலை ஒரு மாதத்திலேயே தலைகீழாகும். ஒரு குடும்பம் தனியாகத் தக்காளியில் லட்சம் பார்த்தால் மறுவருடம் எட்டுக் குடும்பமும் தக்காளிதான், தண்ணீர் இரண்டு ஏக்கருக்குத்தான். ஆகவே பாசனக் காய்கறி இரண்டு ஏக்கரும் பொது, மானாவாரி தனி என்று பிரிப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். தண்ணீர் பொது என்றால் தண்ணீர் பாயும் பயிரும் பொது.

ஏ‑பதிவேடு:
இதை ஏற்கிறேன்.

அக்கடிச் சால்:
பயிர் பக்கம். 30 பேருக்கு ஒருவேளை களி, ஆளுக்கு 150 கிராம் மாவு என்றால் நாளைக்கு நாலரைக் கிலோ, வருடத்துக்கு 1,640 கிலோ. மானாவாரி ராகி ஏக்கருக்கு ஏழெட்டு குவிண்டால் கண்டால் இரண்டே கால் ஏக்கர். பஞ்ச வருடத்துக்கும் சேர்த்து மூன்றரை ஏக்கர் போடுங்கள். ராகி வருடக்கணக்கில் கெடாது, தொம்பையில், அதாவது தானியக் குதிரில், கிடக்கும். விதை ஏக்கருக்கு நாற்றுவிட்டு நட்டால் இரண்டு கிலோ போதும், கைவிதைப்புக்கு ஐந்தாறு. ரகத்துக்குப் பையூர் ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள்.

ஆடியில் விதைத்து, எட்டுச் சாலுக்கு ஒரு அக்கடிச் சால், அதாவது ஊடுபயிர் வரிசை, அவரையோ துவரையோ. நடுவில் கொஞ்சம் ஆமணக்கு, கடுகு. ராகி ஏமாற்றினாலும் அவரை மார்கழிப் பனியில் காய்க்கும். மேல் கரட்டோரம் சாமையும் கொள்ளும். சாமையை விளைய வைப்பது சுலபம், உமி நீக்குவதுதான் பாடு. ஈரம் 12 சதவீதத்துக்கு மேல் இருந்தால் உடையும், கல் பிரிக்காமல் மெஷினில் போட்டால் தட்டு தேயும். சொந்த மெஷின் வாங்கும் முன் பக்கத்து ஊர்களிலிருந்து வருடத்துக்கு எத்தனை மூட்டை கூலிக்கு வரும் என்று பாருங்கள். உங்கள் விளைச்சலுக்கு மட்டும் என்றால் பத்து நாள் ஓடி மீதி நாள் தூசி அடையும்.

ஆள் நெருக்கடி ஐப்பசி, கார்த்திகையில். கடலை பிடுங்குவது, ராகி அறுப்பது, மழை எல்லாம் ஒன்றாக வரும். ராகியை ஒரே நாளில் விதைக்காமல் பத்து நாள் இடைவெளியில் மூன்று துண்டாக விதைத்தால் அறுப்பு பிரியும். மூன்றரை ஏக்கரும் ஒன்றாகச் சாய்ந்தால் 16 பேர் போதாது, வெளியாளுக்கு அன்றைக்கு என்ன கூலியோ அதுதான்.

மாங்கன்று வைப்பதானால் 10 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 40. எல்லாம் பெங்களூரா ரகமாக வைத்தால் மாங்கூழ் ஆலை சொன்னதுதான் விலை. செந்தூரா, அல்போன்சா கலந்து வையுங்கள். ஐந்தாம் வருடத்துக்கு முன் மாவில் வருமானம் எதிர்பார்த்துக் கடன் வாங்கக் கூடாது.

பொன்னி நாத்து:
பொதுச் சமையல் பற்றி ஒரு வார்த்தை. மூன்று வேளையும் பொது என்பது 30 பேருக்குத் தாங்காது. பகல் ஒருவேளை பொது, காலையும் இரவும் அவரவர் வீட்டில் என்றால் 70 மணி நேரம் பாதிக்கும் கீழே வரும். நாலரைக் கிலோ மாவுக்கு ஒரு கிலோ நொய், 12 லிட்டர் தண்ணீர். ஒரே அண்டாவில் கிண்ட வேண்டாம், ஒருவர் கையால் முடியாமல் அடியில் வேகாத மாவு நிற்கும். இரண்டு பானையாகப் பிரித்து, நொய் குழைந்து கொதிக்கும்போது மாவைக் குவியலாகக் கொட்டி, நடுவில் கோலால் துளை போட்டு, பத்து நிமிடம் தொடாமல் விட்டுப் பிறகு இறக்கிக் கிண்டுங்கள். அவசரப்பட்டு முதலிலேயே கிண்டினால்தான் கட்டி தட்டும்.

இன்னொன்று, சொல்லத் தயங்குவார்கள், நான் சொல்கிறேன். எட்டுக் குடும்பமும் ஒரே சாதியாக இல்லாவிட்டால், யார் சமைத்தாலும் எல்லோரும் சாப்பிடுவார்கள் என்பதைப் பெரியவர்கள் உட்பட எல்லோரிடமும் நிலம் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். "போகப் போகச் சரியாகும்" என்றால் அந்தக் குடும்பம் பகல் சாப்பாட்டுக்கு வராது.

பழைய மோட்டார்:
சமையலுக்குச் சாண எரிவாயு போதும் என்று யாராவது சொல்வார்கள், அதற்கு முன் கணக்கு. ஆளுக்கு நாளைக்குக் கால் கன மீட்டர் வாயு, 30 பேருக்கு ஏழரை. கன மீட்டருக்கு 25 கிலோ சாணி, ஆக 190 கிலோ. பத்து மாடு மேய்ச்சலுக்குப் போய்வந்தால் கையில் சேர்வது 50, 60 கிலோ. எனவே 2 கன மீட்டர் கலன்தான் சரி, எட்டுப் பேர் சமையலுக்கு வரும். பகல் பொதுச் சமையலில் குழம்புக்கு வைத்துக்கொள்ளலாம், களிக்கு விறகு. முதல் நிரப்புக்கே இரண்டு டன் சாணி வேண்டும், அதை முன்கூட்டிச் சேர்க்காமல் கலன் கட்டினால் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். பெரிய கலனாகக் கட்டிக் குறைவாக ஊற்றினால் வாயு அழுத்தமே வராது. மார்கழிக் குளிரில் தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் உற்பத்தி நன்றாகவே குறையும்.

தளி மேடு:
நிலம் அஞ்செட்டி, தளி, பென்னாகரம் காட்டோரமாக அமைந்துவிட்டால் யானை. ராகி முற்றும் கார்த்திகை, மார்கழியில்தான் வரும். அறுத்த ராகிப் போரை வீட்டுப் பக்கம் வைக்காதீர்கள், வாழையும் பலாவும் வீட்டை ஒட்டி வேண்டாம். வேலியில் வீட்டு மின்சாரத்தை நேரடியாக இணைப்பது குற்றம், யானையும் சாகும், ஆளும் சாவான். சூரிய மின்வேலி என்றால் விட்டு விட்டுத் துடிப்பாக வரும் கருவி, தர முத்திரை உள்ளது. அதற்கும் வனத்துறையிடம் பதிய வேண்டும். வேலிக்கடியில் புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் மின்சாரம் மண்ணில் இறங்கி வேலி செத்துவிடும், அதனால் புல் வெட்டுவதும் வாரக் கணக்கில் சேர வேண்டிய வேலை.

சாமைக்கொல்லை:
விற்பனைக்குக் கம்பெனி பதியலாமா?

ஏ‑பதிவேடு:
உற்பத்தியாளர் கம்பெனிக்குக் குறைந்தது பத்து உற்பத்தியாளர், ஐந்து இயக்குநர். கணவன் மனைவி இருவரையும் சேர்த்தால் எண்ணிக்கை வரும். ஆனால் வருடா வருடம் தணிக்கை, கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் என்று செலவு இருக்கிறது. 20 ஏக்கர் விளைச்சல் அதைத் தாங்காது. வேளாண் துறையின் கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் 20 பேர் கொண்ட ஆர்வலர் குழு, அப்படி ஐந்து சேர்ந்து 100 பேர் குழு, கருவிகள் வாங்க 5 லட்சம் என்று ஒரு முறை இருந்தது. அது நடப்பில் இருந்தால் பக்கத்து ஊர்க்காரர்களோடு அதில் சேர்வது மேல். இயற்கை விளைபொருள் என்று விற்க, விவசாயிகளே குழுவாக ஒருவரையொருவர் சரிபார்த்துத் தரும் பிஜிஎஸ் சான்றுக்கு ஐந்து விவசாயி போதும், எட்டுப் பட்டா இருப்பது இங்கேயும் உதவும். ஒருவர் களைக்கொல்லி அடித்தால் குழுவின் பெயரே கெடும், அதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

சாமைக்கொல்லை:
கடைசியாக ஒன்று. போருக்கு இலவச மின் இணைப்பு இப்போது விற்பவர் பெயரில் இருக்கிறது. எட்டுப் பேரில் யார் பெயருக்கு மாற்றுவது?

பழைய மோட்டார்:
போர் இருக்கும் சர்வே எண் யார் பாகத்தில் வருகிறதோ அவர் பெயருக்குத்தான் சுலபமாக மாறும். அதனால் போரும் கிணறும் இருக்கும் பத்து சென்ட்டைத் தனி உட்பிரிவாக்கி எட்டுப் பேர் பெயரில் வையுங்கள். மற்ற ஏழு பேரின் சம்மதக் கடிதத்தோடு ஒருவர் பெயரில் இணைப்பை மாற்றி, அவர் பெயரில் இருந்தாலும் தண்ணீரில் எட்டில் ஒரு பாகம் மட்டுமே அவருக்கு என்று பத்திரத்தில் ஒரு வரி. விற்பவரிடம் பெயர் மாற்ற விண்ணப்பத்தில் கையெழுத்தைப் பத்திரப் பதிவு அன்றைக்கே வாங்கிவிடுங்கள். பணம் கைமாறிய பிறகு அவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.